ஒன்பது பன்னிரண்டுக்கு எடுத்த படம்

ஒரு விசாரணையில், ஒரு பொய்கூடச் சொல்லாமல், ஒரு நல்ல மனிதரை நான் வேலையைவிட்டுப் போகவைத்தேன். தவறு அவருடையது அல்ல என்று எனக்குத் தெரியும். என்னுடையது என்பதும் தெரியும். தெரிந்தே இரண்டு பக்கம் அச்செடுத்துக்கொண்டு போய் அந்த மேசைமேல் வைத்தேன்.

அப்போது எனக்கு ஐம்பத்து நான்கு வயது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், லாரிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கணினிப் பிரிவின் பொறுப்பாளர். பிரிவு என்பது பெயருக்குத்தான். ஆள் நான் ஒருவனே. கணிதத்தில் முதுகலை படித்தவன், கணினியைக் கையேடு பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டவன் என்ற கர்வம் எனக்கு உண்டு. இந்தக் கதைக்கு அந்தக் கர்வம் அவசியம் என்பதால் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பின் மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கும். ஒரு வைரஸ் வந்து எங்கள் அலுவலகக் கணினிகள் எல்லாம் தாமாக அணைவதும் தாமாக எழுவதுமாக இரண்டு நாள் ஆடின. லாரியில் ஏற்றிய சரக்குக்கு ரசீதைக் கையால் எழுதிக் கொடுத்தோம். அதற்கு அடுத்த வாரமே ஜி.எம். ஒரு ஃபயர்வால் வாங்கச் சம்மதித்தார். வெளி இணைப்புக்கும் எங்கள் கணினிகளுக்கும் நடுவில் உட்காரும் ஒரு பெட்டி அது. யார் வருகிறார் என்று மட்டும் பார்க்காமல், அவர் கொண்டுவரும் பையைத் திறந்தும் பார்க்கிற வகை. வலைப்பக்கம் ஆனாலும், கோப்பு ஆனாலும், முதலில் தனக்குள் முழுவதுமாக வாங்கி, சோதித்து, பிறகுதான் கேட்டவருக்குக் கொடுக்கும். அப்படிச் செய்யும்படி அதற்கு விதிகளை எழுதுவது என் வேலை.

வலைப்பக்கங்களுக்கு ஒரே நாளில் எழுதிவிட்டேன். கோப்புப் பரிமாற்றம் சொன்னபடி கேட்கவில்லை. அது இரண்டு பாதைகளில் போகும்: ஒன்றில் பேச்சு, மற்றொன்றில் சரக்கு. நான் பேச்சுக்கான பாதையை மட்டும் திறந்துவிட்டிருந்தேன். வாடிக்கையாளர் நிறுவனத்தின் தளத்துக்குள் நுழைய முடிந்தது. ஒரு கோப்பையும் எடுக்க முடியவில்லை. இரண்டு நாள் எல்லோரும் என் அறை வாசலில் நின்றார்கள். டூல் ரூம் ஃபோர்மேன் பெரியபாளையம் பக்கத்துக்காரர். யாரையும் விட்டுவைக்காத வாய்.

"இன்னா சார், திருடன் வராம கதவ பூட்டினீங்க, சரி. நம்மளையும் உள்ள வெச்சில்ல பூட்டிட்டீங்க!"

மூன்றாம் நாள் சரிசெய்தேன். ஆனால் எல்லாம் ஆமை வேகத்தில் வந்தது. மொத்தத் தொழிற்சாலைக்கும் ஒரே ஒரு மெல்லிய தொலைபேசி இணைப்பு. ஒரு டிராயிங், அதாவது பாகத்தின் அளவுகள் போட்ட படம், திறக்கப் பத்து நிமிடம். பெட்டியின் திரையில் ஒரு வசதி இருந்தது. எடுத்த கோப்பின் நகலைத் தனக்குள் வைத்துக்கொண்டு, மறுபடி யாராவது கேட்டால் வெளியே போகாமல் தானே கொடுத்துவிடும். பெட்டியை நிறுவிக் கொடுத்த பொறியாளர் ஒரு பெண்மணி. போகும்போது அவர் தந்த ஒப்படைப்புத் தாளில் மூன்றாவது வரி, கோப்புப் பரிமாற்றத்துக்கு இந்த நகல் வசதியை இயக்க வேண்டாம் என்பது. அதன் கீழே என் கையெழுத்து இருந்தது. அவர் சும்மா ஜாக்கிரதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். வசதியை இயக்கி, நகலை ஏழு நாள் வைத்திரு என்று விதி எழுதினேன்.

டிராயிங் நான்கு விநாடியில் திறந்தது. ஜி.எம். எழுந்து வந்து என் திரையைப் பார்த்தார். "இதான் சார் எனக்கு வேணும். அந்தம்மா மூணு நாள் உக்காந்து பண்ணாதத நீங்க ஒரு மத்தியானத்துல பண்ணிட்டீங்க." மாதக் கூட்டத்திலும் அதைச் சொன்னார். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

வலைப்பக்கம் என்றால் அந்தப் பெட்டி, நகலைக் கொடுக்கும் முன்னால், உன் பக்கம் மாறியிருக்கிறதா என்று வெளியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும். கோப்பு என்றால் கேட்காது. ஏழு நாள் என்றால் ஏழு நாளும் அதே நகல்தான். இது கையேட்டின் பின்பக்கங்களில் இருந்தது. நான் அதுவரை படிக்கவில்லை.

நான் சொல்லும் மனிதர் டிராயிங் கன்ட்ரோலில் இருந்தார். பழவேற்காட்டுக்காரர். குடும்பம் தலைமுறையாகக் கருவாடும் இறாலும் வியாபாரம் செய்கிற குடும்பம். இவர் ஒருவர்தான் ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஃபேக்டரிக்கு வந்தவர். எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். வயது நாற்பத்து மூன்று. காலையில் வந்ததும் வாடிக்கையாளரின் தளத்துக்குப் போய், ஓடிக்கொண்டிருக்கும் பாகங்களின் படங்களைத் திறந்து, மூலையில் ஏ, பி என்று போட்டிருக்கும் திருத்த எழுத்து மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எழுத்து மாறியிருந்தாலோ, திருத்தியதாகக் கடிதம் வந்தாலோ, புதுப் படத்தை அச்செடுத்து டூல் ரூமுக்குக் கொண்டுபோவார். அங்கே ஒரு சடங்கு நடக்கும். பழைய படத்தைக் கேட்டு வாங்கி, எல்லோர் கண்முன்னும் நாலாகக் கிழித்து, அதன் பிறகுதான் புதியதில் ஊதா சீலைக் குத்தி, தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போடுவார். கிழித்ததை பாய்லரில் போட்டுவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்.

"காலைலயே கிழிக்க ஆரம்பிச்சிட்டியா பாய்? ஊட்லயும் இப்படித்தானா?" என்பார் ஃபோர்மேன்.

"ஊட்ல எங்க கிழிக்கறது? அங்க நான்தான் பழசு" என்பார் இவர்.

தன் கணினியில் எந்தப் படத்தையும் சேமித்து வைக்க மாட்டார். "வெச்சா ஒருநாள் பழசு புதுசோட கலந்துரும் சார்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அவர் வைக்காததை, அவருக்குத் தெரியாமல், என் பெட்டி வைத்துக்கொண்டிருந்தது.

அது ஆடி மாதம். நான் திருவள்ளூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவன். அந்த வியாழக்கிழமை காலை பெரியபாளையத்தில் கோயில் கூட்டம் விலக வெகுநேரம் பஸ் நின்றது. நான் போய்ச் சேரப் பத்து மணி ஆகிவிட்டது. அதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. வாடிக்கையாளரிடமிருந்து ஒரு மெயில் வந்திருக்கிறது: இந்த பிராக்கெட்டின் படம் திருத்தப்பட்டது, தளத்தில் உள்ளதையே பயன்படுத்தவும். இரண்டு துளைகளுக்கு நடுவிலிருந்த தூரத்தை மூன்று மில்லிமீட்டர் மாற்றியிருந்தார்கள். தங்கள் சொந்தப் பிழையைத் திருத்தியதால் திருத்த எழுத்தை மாற்றவில்லை. கோப்பின் பெயரும் அதேதான். பாய் மெயிலைப் பார்த்தார், தளத்துக்குப் போனார், படத்தை எடுத்தார், டூல் ரூமில் பழையதைக் கிழித்தார், புதியதில் சீல் குத்தினார். அது புதியது அல்ல. திங்கட்கிழமை அவரே திறந்து பார்த்தபோது பெட்டி எடுத்து வைத்துக்கொண்ட நகல். அவர் தினமும் பார்க்காத சோம்பேறியாக இருந்திருந்தால், அன்று அவருக்குச் சரியான படம் கிடைத்திருக்கும்.

பிராக்கெட் புதுப் பாகம்; அந்தப் படத்தை வைத்துத்தான் டூல் ரூமில் அதற்கு முதல் ஜிக் செய்தார்கள். அதில் பூட்டித்தான் ஒவ்வொரு பிராக்கெட்டிலும் துளை போடுவார்கள். இரண்டு வாரம் ஓடியது. மூன்றாம் வாரம், அனுப்பிய சரக்குப் பெட்டிகள் அத்தனையும் அதே லாரியில் கேட்டுக்குள் திரும்பி வந்தன. வாடிக்கையாளரின் அசெம்பிளி லைன் ஒரு ஷிஃப்ட் நின்றுபோயிருந்தது. ஜி.எம். முற்றத்தில் நின்று கத்தியது பிரஸ் ஷாப் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

வாடிக்கையாளர் தங்கள் தளத்தின் பதிவைப் பார்த்துவிட்டு ஒரு வரி எழுதினார்கள்: அந்த வியாழக்கிழமை உங்கள் தொழிற்சாலையிலிருந்து யாரும் இந்தப் படத்தை எடுக்கவில்லை. பாயோ எடுத்தேன் என்கிறார்.

பர்சனல் ஆஃபீசர் என் அறைக்கு வந்தார். "சார், பாய் அன்னிக்கி அந்த சைட்டுக்குப் போனாரா இல்லியான்னு உங்க பொட்டில தெரியுமாமே?"

"பத்து நிமிஷத்துல சொல்றேன்" என்றேன். இதை யாரும் நம்பத் தேவையில்லை, ஆனாலும் எழுதுகிறேன்: அவரைக் காப்பாற்றத்தான் அந்தப் பதிவைத் திறந்தேன். பாய் எடுத்தேன் என்றால் எடுத்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வியாழக்கிழமை. ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம். பாயின் கணினி எண். பிராக்கெட் படத்தின் பெயர். கடைசிக் கட்டத்தில், "சேமித்த நகல் தரப்பட்டது."

மறுபடி படித்தேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். வெளியே முற்றத்தில் திரும்பி வந்த பெட்டிகளை இறக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. அந்த நேரத்தில் என் கண்முன் வந்தது பாயின் முகம் அல்ல. ஒப்படைப்புத் தாளின் மூன்றாவது வரி வந்தது. அதன் கீழே இருந்த என் கையெழுத்து வந்தது. மாதக் கூட்டத்தில் கேட்ட பாராட்டு வந்தது. நான் இப்படிப்பட்டவன் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. ஒரு நிமிடத்தில் தெரிந்துபோனது.

அந்தப் பெட்டி இரண்டு பட்டியல்கள் எழுதும். உள்ளே இருப்பவர்கள் அதனிடம் என்ன கேட்டார்கள் என்பது ஒன்று. அது வெளியே போய் என்ன கேட்டது என்பது மற்றொன்று. பர்சனல் ஆஃபீசர் கேட்டது, பாய் அந்தத் தளத்துக்குப் போனாரா என்று. நான் வெளியே போனவற்றின் பட்டியலை மட்டும் அச்செடுத்தேன். இரண்டு பக்கம். அதில் அந்தக் கோப்பு இல்லை, இருக்கவும் முடியாது. பிறகு முதல் பட்டியலிலிருந்து அந்த ஒற்றை வரியையும் தனித்தாளில் அச்செடுத்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. மதிய உணவு நேரத்தில் ஆட்கள் இல்லாதபோது நகல் வசதியை நிறுத்தினேன்.

விசாரணை அன்று மாலையே நடந்தது. ஜி.எம்., பர்சனல் ஆஃபீசர், தரப் பிரிவின் தலைவர். பின்னால் சாட்சிக்கு ஃபோர்மேன். பாய் நின்றுகொண்டிருந்தார்.

"பாய், பதினாறு வருஷமா உன்னப் பாக்கறேன்" என்றார் ஜி.எம். "மறந்துட்டேன்னு சொல்லு, ஒரு மெமோவோட முடிச்சிடறேன். எடுத்தேன் எடுத்தேன்னு சாதிக்கிற பாரு, அதான் எனக்குப் பத்திக்கினு வருது."

"எடுத்தேன் சார். மெயில பாத்தேன், எடுத்தேன், பழச கிழிச்சேன், சீல் போட்டேன். நேரம்கூட போட்டுக்கீறேனே, ஒம்போது இருவதுன்னு."

தரப் பிரிவின் தலைவர் சீல் குத்திய படத்தை அவர் பக்கம் திருப்பினார். "இதுல இருக்கறது பழைய அளவு. அப்ப நீங்க கிழிச்சது எது?"

"பழசு சார்."

"அப்ப இது?"

பாய் குனிந்து பார்த்தார். அந்த அளவின் மேல் விரலை வைத்தார்.

"கிழிச்சத எடுத்துக்கினு வா, பாப்போம்" என்றார் ஜி.எம்.

"பாய்லர்ல போட்டுட்டேன் சார். எப்பவும் அப்படித்தான்."

"அது நெசம் சார், தெனம் நாங்க பாக்கறதுதான்" என்றார் ஃபோர்மேன் பின்னாலிருந்து.

"உன்ன யாரும் கேக்கல" என்றார் ஜி.எம்.

பிறகு என் பக்கம் திரும்பினார்கள். நான் இரண்டு பக்கங்களை மேசைமேல் வைத்தேன். "அன்னிக்கி நம்ம ஃபயர்வால்லேந்து வெளிய போன ரிக்வெஸ்ட் எல்லாம் இதுல இருக்கு. அந்த ஃபைலுக்கு ரிக்வெஸ்ட் எதுவும் போகல" என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. இதைச் சொல்லத்தான் எனக்குக் கணிதம் உதவியது.

பாய் என்மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, போட்டுக்கொண்டு, அந்த இரண்டு பக்கங்களையும் மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். பிறகு சொன்னார்: "சாரோட பொட்டி இல்லன்னு சொல்லுதுன்னா, அப்ப நான்தான் எடுத்த மாதிரி நெனச்சிக்கினேன் போல கீது."

மெமோவோடு முடியும் என்றுதான் நானும் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் வாடிக்கையாளருக்கு, யார்மேல் என்ன நடவடிக்கை என்று பதில் எழுத வேண்டியிருந்தது. இரண்டு நாளில் அவரிடம் ராஜினாமா எழுதி வாங்கிவிட்டார்கள்.

கடைசி நாள் அவர் என் அறைக்கு வந்தார். கடவுச்சொல் எழுதிய சீட்டைத் திருப்பிக் கொடுக்க.

"சார், ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் காலைல படம் தெறந்தது எனக்கு இன்னும் கண்ணுல நிக்கிது சார். டீ ஆறிப்போய் கெடந்துச்சி. ஃபேன் காத்துல அச்சடிச்ச தாளு பறந்துச்சி, புடிச்சேன். எல்லாம் நெசமா நடந்த மாதிரியே கீது. நடக்காத ஒண்ணு ஒருத்தனுக்கு இப்படித் தெரியுமா சார்?"

என் சட்டைப்பையில் அந்த வரி இருந்தது. கதவு சாத்தியிருந்தது. கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"வயசாகுது இல்ல பாய்" என்றேன். "எல்லாருக்கும் வர்றதுதான்."

விசாரணையில் சொன்னதைவிட இதுதான் பெரிய பாவம் என்று எனக்குப் புரியப் பல வருடம் ஆனது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

பிறகு குறுக்குவழியில் பரிகாரம் தேடினேன். பக்கத்துத் தெருவில் இருந்த இன்னொரு தொழிற்சாலையில் எனக்குத் தெரிந்தவரிடம் பேசி, டிராயிங் கன்ட்ரோல் வேலை ஒன்றுக்குச் சம்மதம் வாங்கிவிட்டுப் பாய்க்குப் போன் செய்தேன். "உங்களுக்கு நல்ல மனசு சார்" என்றார். "சீல் புடிக்கிற வேல மட்டும் வேணாம் சார். என் கைய நானே நம்பல." அப்போதும் சொல்லவில்லை.

ஓய்வுபெற்று ஒரு வருடம் கழிந்திருக்கும். திருவள்ளூர் பஸ் நிலையத்தில் ஃபோர்மேனைப் பார்த்தேன். பழைய கதைகள் பேசினோம். அவர் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார்.

"நம்ம பாய பாத்தேன் சார். சட்டப் பையில ஒரு நோட்டு. கதவ பூட்டினா எழுதறாரு, மாத்திர போட்டா எழுதறாரு. நான் போய் உக்காந்தேன், 'ஃபோர்மேன் வந்தாரு'ன்னு நேரம் போட்டு எழுதறாரு சார்! இன்னாய்யா இது பேஜாருன்னு கேட்டா, எனக்கு மறதி கீது, எழுதலன்னா நம்ப மாட்டாங்கன்றாரு." சிரிப்பு பாதியில் நின்றது. "நல்லா இருந்த மனுசன் சார்."

அடுத்த நாள் காலை, ஐந்து வருடமாக அகராதிக்குள் வைத்திருந்த அந்த ஒரு வரித் தாளை எடுத்துக்கொண்டு பொன்னேரி போய், அங்கிருந்து பழவேற்காடு பஸ் பிடித்தேன்.

அவர் அண்ணனின் கருவாட்டு மண்டிக்குப் பின்னால் வீடு. என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்தார். நாற்பத்தெட்டு வயதில் அறுபது வயதுக்காரர்போல் இருந்தார். நான் வந்த நேரத்தை நோட்டில் எழுதினார். அவர் மனைவி டீ கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "பாய், அன்னிக்கி நீங்க படத்த எடுத்தீங்க. என் பெட்டி பழைய நகலக் கொடுத்துது. அது என் தப்பு. எனக்கு அன்னிக்கே தெரியும்" என்று சொல்லித் தாளை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "படிங்க சார்" என்றார்.

படித்தேன். தேதி, நேரம், அவருடைய கணினி எண், கோப்பின் பெயர்.

"நேரம் இன்னொரு வாட்டி."

"ஒன்பது பன்னிரண்டு."

"ஒம்போது பன்னெண்டு" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "ஏ, அண்ணன கூப்புடு. நீயும் வா" என்றார். அவர்கள் வந்து நின்றதும், "இப்ப சொல்லுங்க சார், மொதல்லேந்து" என்றார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். எனக்கு அன்றே தெரியும் என்பதையும் சொன்னேன். பாயின் மனைவி நான் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, நான் தொடாத டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அண்ணன் பெரிய குரலில் பேசுகிறவர் அல்ல. "அஞ்சு வருசம் சார். கடைசி ரெண்டு வருசமா இவன ஒரு ஸ்டவ்வ பத்தவைக்க உட்டதில்ல நாங்க. மண்டி சாவி குடுத்ததில்ல. எதையும் எடுத்து எடுத்து வெச்சிக்குமாமே உங்க பொட்டி, எங்க அஞ்சு வருசத்தையும் வெச்சிக்கினு கீதா, போய்ப் பாத்து சொல்லுங்க."

பாய் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. தாளை வாங்கி, மடிக்காமல், நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுவரை என்னுடன் நடந்தும் வந்தார். அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் எழுதினேன்: நடந்தது இது, தவறு என்னுடையது, அவருடைய பதிவைத் திருத்துங்கள் என்று. அப்போது வேறு ஜி.எம். வந்திருந்தார். அந்தக் காலத்து ஆவணங்கள் இப்போது இல்லை, விஷயம் முடிந்துபோன ஒன்று என்று மூன்று வரியில் பதில் வந்தது. அதன் நகலைப் பாய்க்கு அனுப்பினேன். செய்ய முடிந்ததைச் செய்துவிட்டோம் என்று சில நாள் நான் நிம்மதியாகக்கூட இருந்தேன்.

ஒரு காலை அவரே திருவள்ளூருக்கு வந்தார். முகவரியை என் கடிதத்திலிருந்து எடுத்திருக்கிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்க அம்மாக்கு சுகர் சார், தெரியுமில்ல? ஊசி நான்தான் போடுவேன், தெனம் ராத்திரி சாப்பாட்டுக்கு மின்ன. ரெண்டு வருசத்துக்கு மின்ன ஒருநாள் போட்டேன். காலைல எழுப்புனா எழுந்துக்கல. ஆஸ்பத்திரில, சுகர் ரொம்ப எறங்கிப்போச்சி, ரெண்டு தடவ போட்டுட்டீங்களான்னு கேட்டாங்க. ஊட்ல எல்லாம் என் மூஞ்சியப் பாத்தாங்க. ஒரு தடவதான் போட்டேன்னு எனக்கு நல்லா ஞாபகம் சார். ஆனா எனக்கு ஞாபகம் இருக்கறதுதான் நடந்ததா இருக்காதே? அதான் ஏற்கெனவே ஒரு தடவ ஆச்சே. ஆமா, ரெண்டு தடவ போட்டுக்கீறேன்னு ஒத்துக்கினேன். அம்மா நாலு நாள்ல போய்ட்டாங்க. நோட்டு அதுக்கப்பறம் போட்டதுதான் சார்."

இரண்டு துளைகளுக்கு நடுவில் மூன்று மில்லிமீட்டர், ஒரு ராஜினாமா, ஐந்து வருடம். என் தவறு இவ்வளவுதான் போயிருக்கிறது என்று கணக்கிட்டு வைத்திருந்தேன். அது ஒரு தாயின் சாவுக்குள் போய் உட்கார்ந்திருந்ததை நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"இப்ப சொல்லுங்க சார். படம் எடுத்தது நெசம்னா, ஒரே ஊசி போட்டதும் நெசம்தானே?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஆனால் அவர் ஞாபகத்தைப் பற்றி உண்மையில்லாததை அவரிடம் ஒருமுறை சொல்லியாகிவிட்டது.

"எனக்குத் தெரியாது பாய்" என்றேன். "படம் எடுத்தது மட்டும்தான் எனக்குத் தெரியும். உங்க ஞாபகத்துல எந்தக் கோளாறும் இல்ல, அன்னிக்கி இல்ல. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

அவர் வாசல் பக்கம் திரும்பினார். "கடைசி நாள் ரூமுக்கு வந்து கேட்டேனே சார். அன்னிக்கே தெரியாதுன்னாவது சொல்லியிருக்கலாமே" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை.

"சார், ஒம்போது பன்னெண்டுதானே?"

"ஆமா பாய். ஒன்பது பன்னிரண்டு. வியாழக்கிழமை. நீங்கதான் எடுத்தீங்க."

"சரி சார்" என்று வைத்துவிட்டார்.

இப்போதும் கூப்பிடுகிறார். சில மாதம் இரண்டு முறை, சில மாதம் ஒன்றுமில்லை. எப்போதும் காலையில்தான். அண்ணன் மண்டியின் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டாராம், ஒருமுறை அதை மட்டும் சொன்னார். நோட்டு இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. தாயாரைப் பற்றி அவரும் மறுபடி பேசியதில்லை. போன் அடித்தால் வீட்டில் வேறு யாரையும் எடுக்க விடுவதில்லை. அவர் நேரத்தைக் கேட்பார். நான் சொல்வேன்.